நூற்று நாற்பதாம் பக்கம்

சால்ட்டோ, ஜூலை மாதம்.
ஆரஞ்சு பறிக்கும் நாட்களில்
நூலகத்துப் புத்தகங்கள் எல்லாம்
தோல் உரித்த வாசனையோடுதான் திரும்பி வரும்.
துப்பறியும் கதையும் அப்படித்தான்,
சிறுநீரக நோய்க் கையேடும் அப்படித்தான்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு
மாத்தே குடுவை கைமாறக் கைமாறப்
படித்தவர்கள் பேசுவார்கள்.
நான் நூலகர். குறிப்பேட்டில் எழுதுவேன்.
நூலகர் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி.
விதியைப் போட்டவளும் நான்தான்.

மருந்துக்கடை நேலிடா
கொலைக் கதையை மேசையில் தட்டி வைத்தாள்:
"இந்த விஷம், இத்தனை சொட்டு,
ஒரு பூனைகூடத் தும்மாது.
பிரபு செத்தது எழுதியவரின் அவசரத்தால்."

தொலைதூரப் பேருந்து ஓட்டும் வாஷிங்டன் லர்ரோசாவுக்குப்
பயண நூல் என்றாலே கணக்குதான்.
"காலையில் கணவாய், மதியம் ஏரி, மாலையில் மடாலயமாம்.
கழுதை மேல்!
விடுதியில் படுத்துக்கொண்டு
வரைபடத்தில் விரலை ஓட்டியிருக்கிறார்.
ஆனால் அந்த ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறாரே..."
என்று நிறுத்திக்கொண்டார்.
மூன்று பக்கங்களின் முனை மடிந்திருந்தது.
மடித்ததற்கு அபராதம் வாங்கினேன்.

ஓலிண்டா, சுல்மா, அக்காவும் தங்கையும்,
தடித்த நாவலை நடுவில் பிளந்து
ஆளுக்குப் பாதி படித்திருந்தார்கள்.
(அதற்கும் அபராதம்.)
முன்பாதிக்காரிக்கு அவன் அயோக்கியன்.
பின்பாதிக்காரிக்கு அவன் தெய்வம்.
ஒரே வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சில்லை.
"மாற்றிப் படியுங்களேன்" என்றார் யாரோ.
"எதற்கு?" என்றார்கள் இருவரும்,
ஒரே மூச்சில்.

ஓய்வுபெற்ற நீதிபதி கொயெனெச்சே
முன்னுரையோடு மூடிவிடுவார்.
"வாதம் புரிந்துவிட்டது. சாட்சிகள் வேண்டாம்."

தேனீ நூலுக்குப் பள்ளிப் பையன் பௌதிஸ்தா:
"ஆண் தேனீயைப் பற்றி வரும் பக்கத்தை
அப்பாவிடம் காட்டினேன். சிரிக்கவில்லை.
அம்மா சிரித்தாள். நல்ல புத்தகம்."

வில்மார் எச்செவெரி
பழக்கிடங்கில் முப்பத்தோரு வருஷம் பெட்டி அடுக்கியவர்.
கடல்கொள்ளையர், காளான் வகைகள், விதவையின் டைரி,
எதுவானாலும் "நன்றாக இருந்தது."
அவர் பெயருக்கு நேரே நான்
மேற்படிக் குறி மட்டும் போடுவேன்.

அன்று அவர் கொண்டுவந்தது
கிடங்கு முதலாளியின் வாழ்க்கை வரலாறு.
தங்க எழுத்து, வழவழத் தாள், நன்கொடைப் பிரதி.
குடுவை அவரிடம் வந்தது. உறிஞ்சவில்லை.
"நூற்று நாற்பதாம் பக்கம்" என்றார்.
மேற்படிக் குறியை அதற்குள் போட்டிருந்தேன்.

விரல் வைத்து வாசித்தார்:
"தொழிலாளர்களிடையே எழுந்த சிறு சலசலப்பு
இரண்டே நாளில் சுமுகமாகத் தீர்ந்தது."

"பதினேழு நாள்" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வில்மார் சட்டைப்பையிலிருந்து
பத்துப் பெசோ நாணயங்கள் ஐந்தை எடுத்து
என் முன்னால் வரிசையாக வைத்தார்,
பெட்டி அடுக்குகிற மாதிரி, இடைவெளி விடாமல்.
புத்தகத்தில் எழுதினால் ஐம்பது.
கதவில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில்.
"பேனா இருக்கிறதா?"

ரசீது எழுதிக் கொடுத்தேன்.
பிறகு பேனாவை.

பக்க ஓரம் போதவில்லை.
மேல் ஓரம், கீழ் ஓரம், அத்தியாயம் முடிந்த வெற்றிடம்.
பெயர்கள். யார் வீட்டில் சூப் காய்ச்சியது.
ஒன்பதாம் நாள் மழை.
பதினான்காம் நாள் முதலில் வேலைக்குத் திரும்பியவன் பெயரை
எழுதினார், அடித்தார்,
"அவனுக்கு நான்கு குழந்தைகள்" என்று எழுதினார்.

ஆகஸ்டில் ஒரு நர்ஸ் அதை எடுத்துப் போனாள்.
திருப்பித் தரும்போது சொன்னாள்:
"ரொம்ப இழுவை.
முதலாளியின் குழந்தைப் பருவத்தைப் பாதியாக வெட்டலாம்.
ஆனால் ஓரத்தில் எழுதியிருக்கிறாரே ஒருவர்,
அவர் வேறென்ன எழுதியிருக்கிறார்?
இங்கே கிடைக்குமா?"

அட்டவணைப் பெட்டியை இழுத்து
எச்செவெரி, எச்செவெரி என்று
விரலை ஓட்டினேன்,
இருக்காது என்று தெரிந்தும்.